விழுந்த விமானங்களை எண்ணாதீர்கள்

எங்கே சண்டை மூண்டாலும் "இவன் எத்தனை விமானத்தை வீழ்த்தினான், அவன் எத்தனை?" என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம். வான் பாதுகாப்பைப் பற்றி, அதாவது எதிரி விமானங்களைத் தடுக்கிற ரேடார், ஏவுகணை ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் செய்கிற முதல் தவறே இதுதான். 1999 கொசோவோ போரில் அமெரிக்கா தலைமையிலான நேட்டோ கூட்டணி செர்பியா மீது 78 நாள் குண்டு போட்டது, செர்பியர்கள் வீழ்த்திய போர் விமானங்கள் இரண்டே இரண்டு. ஆனால் செர்பியர்களின் விமான எதிர்ப்பு ஏவுகணைகளுக்குப் பயந்து நேட்டோ விமானங்கள் பெரும்பாலும் 15,000 அடிக்கு மேலேயே பறந்தன, அவ்வளவு உயரத்திலிருந்து கொசோவோவில் செர்பியர்கள் ஒளித்து வைத்த டாங்கிகளைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது.

விழுந்த இரண்டில் ஒன்று எஃப்-117, ரேடாரில் சிக்காது என்று பேர் வாங்கிய விமானம். வீழ்த்தியது 1960-களில் வந்த நேவா வகை ஏவுகணை. பழசு என்றால் குப்பை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அதை வீழ்த்திய செர்பிய ஏவுகணைப் பிரிவின் தளபதி சோல்டான் டானி, குறிவைக்கும் ரேடாரை ஒரு தடவைக்கு 20 விநாடிக்கு மேல் போட்டு வைக்க விடமாட்டார், ஏனென்றால் அந்த அலையைப் பிடித்துக்கொண்டே எதிரியின் ஏவுகணை வந்துவிடும். இடத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் இந்த வரைபட வட்டம். எஸ்-400 என்ற ரஷ்ய விமான எதிர்ப்பு ஏவுகணை என்றதும் 400 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஈ எறும்பு நுழையாது என்கிறார்கள். பூமி உருண்டை, 100 மீட்டர் உயரத்தில் வரும் விமானம் 50, 60 கிலோமீட்டருக்குள் வரும் வரை தரை ரேடாருக்குத் தெரியவே தெரியாது.

சரி, ஏவுகணைத் தளத்தை அழிக்க விமானம்தான் வேண்டுமா? 1973 அரபு-இஸ்ரேல் போரில் சூயஸ் கால்வாய்ப் பக்கம் எகிப்தின் ஏவுகணைகள் இஸ்ரேலிய விமானங்களை நெருங்கவிடவில்லை. அக்டோபர் 14-ல் எகிப்திய டாங்கிகள் அந்த ஏவுகணைகளின் பாதுகாப்புக் குடையை விட்டு வெளியே வந்து ஒரே நாளில் பெரிய அடி வாங்கின. அடுத்த இரவே இஸ்ரேலியர்கள் கால்வாயைத் தாண்ட ஆரம்பித்தார்கள், அக்கரையில் அவர்களுடைய டாங்கிகளே போய் ஏவுகணைத் தளங்களை நொறுக்கின. தரைப்படைதான் விமானங்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டது.

சுடுவது மட்டுமே வேலை என்று நினைப்பதும் தவறு. வருவது யாருடையது என்று தெரிந்து, சுடாமல் இருப்பது இன்னொரு பாதி வேலை. 2019 பிப்ரவரி 27 காலை, பாகிஸ்தான் விமானங்களோடு மோதல் நடந்த நேரத்தில், காஷ்மீரின் புட்காமில் நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. உள்ளே இருந்த விமானப்படையினர் 6 பேரும் தரையில் இருந்த ஒருவரும் இறந்துபோனார்கள்.