யூஸ் கேஸிலிருந்து ஸ்டேட் டயக்ராம்: ஏடிஎம்மை வைத்து ஒரு பயிற்சி

"வாடிக்கையாளர் கார்டைச் செருகுகிறார், பின் நம்பர் சரிபார்க்கப்படுகிறது, பணமும் கார்டும் வழங்கப்படுகின்றன." சிஸ்டம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ரெக்வயர்மென்ட் டாக்குமென்டுகளில் யூஸ் கேஸ், அதாவது பயன்படுத்துபவர் ஒரு வேலையை முடிக்கும் கதை, இப்படித்தான் எழுதியிருக்கும். படிக்க நன்றாக இருக்கும். இதை வைத்து ப்ரோக்ராம் எழுத முடியாது. அதற்கு இதை ஸ்டேட் டயக்ராமாக, அதாவது சிஸ்டத்தின் நிலைகளைப் பெட்டிகளாகவும் நிலை மாறுவதை அம்புகளாகவும் காட்டும் படமாக, மாற்ற வேண்டும்.

முதல் வேலை, "படுகிறது" என்று முடியும் வாக்கியங்களைப் பிடிப்பது. பின் நம்பரைச் சரிபார்ப்பது யார்? ஏடிஎம் அதை என்க்ரிப்ட் செய்து (ரகசியக் குறியீடாக்கி) அனுப்புவதோடு சரி, சரிபார்ப்பது வங்கியின் சர்வர். பல அமைப்புகளில் பின்னும் தொகையும் ஒரே மெசேஜில்தான் போகின்றன. அப்படியானால் பின் தவறு என்பதே தொகை கேட்ட பிறகுதான் தெரியவரும். வாக்கியத்துக்கு எழுவாய் போட்டதுமே வரிசை மாறிவிட்டது, பாருங்கள்.

அடுத்து வாடிக்கையாளர், ஏடிஎம், வங்கி சர்வர் என மூன்று கோடுகள் போட்டு சீக்வென்ஸ் டயக்ராம் வரையுங்கள்; யார் யாருக்கு எந்த வரிசையில் என்ன அனுப்புகிறார்கள் என்பதை அம்புகளால் காட்டும் படம் அது. ஏடிஎம்மை ஒரே பெட்டியாக வையுங்கள், உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். ஏடிஎம்முக்குள் வரும் அம்புகள் ஈவென்ட் (நிகழ்வு), வெளியேறுபவை ஆக்‌ஷன் (செயல்).

இனி ஸ்டேட்டுகள், அதாவது நிலைகள். சிஸ்டம் எதற்காகக் காத்திருக்கிறதோ அதையே பெயராக வையுங்கள்: கார்டு, பின், தொகை, வங்கியின் பதில், கார்டை எடுத்தல், பணத்தை எடுத்தல். மொத்தம் ஆறு. கார்டை எடுப்பது முன்னால் வருவதைக் கவனியுங்கள். பணம் முதலில் வந்தால் ஆட்கள் கார்டை மறந்துவிட்டுப் போய்விடுவார்கள். "பணமும் கார்டும்" என்ற சொற்றொடர் மறைத்த விஷயம் இது.

பின் நம்பர் மூன்று முறை தவறினால் என்ன செய்வது? அதற்கு மூன்று ஸ்டேட் வரையாதீர்கள். எண்ணிக்கை ஒரு நிபந்தனை, அம்பின் மேல் எழுதினால் போதும். அந்த எண்ணிக்கையும் வங்கிப் பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மெஷினில் போய் மறுபடி முயலலாம்.

பிறகு ஒரு அட்டவணை. ஆறு ஸ்டேட் வரிசையாக. கார்டு செருகல், பின், தொகை, ஒப்புதல், மறுப்பு, கார்டு எடுத்தல், பணம் எடுத்தல், கேன்சல், டைம்அவுட் என ஒன்பது ஈவென்ட் பத்தியாக. மொத்தம் 54 கட்டங்கள். எல்லாம் சரியாக நடக்கும் மெயின் ஃப்ளோ நிரப்புவது ஆறே ஆறு. மீதி 48-ல் ஒவ்வொன்றிலும் எந்த ஸ்டேட்டுக்குப் போகும் என்றோ, கண்டுகொள்ளாதே என்றோ, நடக்காது என்றோ எழுதுங்கள். எழுத முடியாத கட்டம்தான் கிளையன்ட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி. மறுப்பு வந்தால் எங்கே போவது? பின் தவறென்றால் பின்னுக்கு, இருப்பு இல்லையென்றால் தொகைக்கு. ஒரே கட்டத்தில் இரண்டு அம்புகள்.

கஷ்டமான கட்டம் "வங்கியின் பதில்" ஸ்டேட்டில் டைம்அவுட், அதாவது குறித்த நேரத்துக்குள் பதில் வராமல் போவது. கணக்கில் பணம் கழிந்ததா இல்லையா என்று மெஷினுக்குத் தெரியாது. கார்டு பரிவர்த்தனை மெசேஜ்களுக்கான ஐஎஸ்ஓ 8583 முறையில், பரிவர்த்தனையை ரத்து செய்யச் சொல்லும் 0420 என்ற ரிவர்சல் மெசேஜ் போக வேண்டும். கணக்கில் கழிந்தும் பணம் வராவிட்டால், 2019 செப்டம்பர் ஆர்பிஐ சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் தொகையைத் திருப்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். எனவே இதை டெவலப்பரின் ஊகத்துக்கு விடக்கூடாது.

ரிவர்சலுக்கும் பதில் வராவிட்டால் 0421 ஆகத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். இதை ஏழாவது ஸ்டேட்டாகச் சேர்க்கத் தோன்றும். சேர்த்தால் ஏடிஎம் அந்தப் பதிலுக்காகவே காத்திருக்கும், அடுத்த வாடிக்கையாளர் கார்டோடு வெளியே நிற்பார். தனியாக, இணையாக ஓடும் சின்ன ஸ்டேட் டயக்ராமாக வரையுங்கள்.