கிராபிக்ஸை எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது: வேலூர் வெயிலில் கேம் ஆடுபவர்களுக்கு

“கிராபிக்ஸ் செமையா கீது, ஆனா கேம்ல ஒண்ணுமே இல்ல” என்பார் ஒருவர். “கதை நல்லா இருந்து இன்னா பண்றது, மூஞ்சியெல்லாம் பொம்மை மாதிரி கீது” என்பார் எதிரில் உட்கார்ந்திருப்பவர். காட்பாடிப் பக்கம் ஹாஸ்டல் அறைகளில் இந்தப் பஞ்சாயத்து சுலபத்தில் முடிவதில்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் அரை மணி நேரம் செலவிட்டால், கையில் இருக்கும் கேமுக்கு மட்டுமாவது தீர்ப்பு கிடைத்துவிடும். எல்லா கேமுக்கும் பொருந்துகிற தீர்ப்பு கிடையாது.

திரையில் தெரிவதை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலாவது ஓவியரின் கைவண்ணம்: நிறம், உருவம், வெளிச்சம் வைத்த விதம். இதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. 2018-ல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இரண்டே நிறத்தில், புள்ளி புள்ளியாகவே ஒரு கப்பல் முழுவதையும் காட்டிவிடுகிறது. இரண்டாவது நுணுக்கம்: நிழலின் கூர்மை, தண்ணீரில் பிரதிபலிப்பு, தூரத்துப் புல். காசு கேட்பது இதுதான். மூன்றாவது, படம் எவ்வளவு சீராக ஓடுகிறது என்பது. பலரும் இதைக் கிராபிக்ஸ் கணக்கில் சேர்க்கிறார்கள். சேர வேண்டிய இடம் கேம்பிளே, அதாவது கேம் கைக்கு ஆடுகிற விதம். 60 எஃப்.பி.எஸ்.ஸில், அதாவது நொடிக்கு 60 படம் ஓடும்போது, ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும், 30-ல் 33.3. பட்டனை அமுக்குவதற்கும் அடி விழுவதற்கும் நடுவே இந்த வித்தியாசம் விரலுக்குத் தெரியும். சராசரி 60 என்று காட்டிவிட்டு, சண்டை வந்ததும் 25-க்கு விழுகிற கேமில் அல்ட்ரா நிழல் இருந்து என்ன பயன்?

பி.ஜி.எம்.ஐ. என்கிற மொபைல் துப்பாக்கி கேம் ஆடுபவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. போட்டிக்கு ஆடுபவர்கள் கிராபிக்ஸை ‘ஸ்மூத்’திலும், ஃபிரேம் ரேட்டை ‘எக்ஸ்ட்ரீம்’, அதாவது 60-லும் வைப்பார்கள். போன் தாங்கினால் 90, அதற்கு மேலும்கூட. அழகைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறார்கள்.

அடிமட்டத்தில் ஆடிப் பார்ப்பது

புது கேம் வந்ததும் எல்லாரும் முதலில் ‘அல்ட்ரா’வைத்தான் தட்டுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். ரெசல்யூஷனை, அதாவது திரையில் எத்தனை புள்ளி என்பதை, அப்படியே விட்டு, மற்ற எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்து இருபது நிமிடம் ஆடுங்கள். அடுத்த அறைக்குப் போகணும், தோற்ற இடத்தில் இன்னொரு முறை மோதிப் பார்க்கணும் என்று கை தானாகப் போனால் கேம்பிளே நிற்கிறது. கதைக்கு இன்னொரு சோதனை: ஒரு மணி நேரம் கழித்து, நாயகனுக்கு என்ன வேண்டும், அதைத் தடுப்பது யார் என்று இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் கதை வெறும் தோரணம்.

இரண்டிலும் தேறாத கேமை வைத்திருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். செட்டிங்ஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அந்த இரண்டு மணியில் சேரும், ஞாபகம் இருக்கட்டும். டேட்டாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 100 ஜி.பி. கேமை 40 எம்.பி.பி.எஸ். பிராட்பேண்டில் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளைக்கு 1.5 ஜி.பி. தருகிற மொபைல் பிளானில் இரண்டு மாதம் தாண்டும். ஆற்காடு, குடியாத்தம் பக்கம் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆடுபவர்கள், வாங்கும் முன் கேமின் அளவைப் பார்ப்பது நல்லது. நல்ல கதையும் கேம்பிளேயும் உள்ள சின்ன கேம்கள் ஏராளம். 2015-ன் ‘அண்டர்டேல்’, 2016-ன் ‘ஸ்டார்டியூ வேலி’ எல்லாம் பழைய லேப்டாப்பிலேயே ஓடும்.

‘லோ’வில் வைத்ததும் செத்துப்போகிற கேம்களும் உண்டு. பேய் கேமில் இருட்டும் நிழலும்தான் ஆட்டமே. ஒளிந்து ஒளிந்து போகிற கேமில் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பது விதி. சும்மா நடந்து இடம் பார்க்கிற கேமில் காட்சியை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. இவற்றில் கிராபிக்ஸும் கேம்பிளேவும் ஒன்றுதான்.

ஒவ்வொன்றாக ஏற்றுவது

சோதனையில் தேறிய கேமுக்கு அடிமட்டத்திலிருந்து ஒவ்வொரு செட்டிங்காக ஏற்றுங்கள். ஒன்றை மாற்றியதும் அதே இடத்தில், அதே தெருவில் நடந்து எஃப்.பி.எஸ். பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது தின்றது என்று தெரியாது.

டெக்ஸ்ச்சரில், அதாவது சுவர், துணி, தோல் மேல் ஒட்டும் படத்தின் தெளிவில் தொடங்கலாம். கார்டின் சொந்த நினைவகமான வி-ரேம் போதுமான வரை இது வேகத்தை அவ்வளவாகத் தொடாது. 4 ஜி.பி. கார்டில் புது கேம்களுக்கு ‘மீடியம்’ சரியான இடம். வி-ரேம் நிரம்பிவிட்டால் சராசரி எஃப்.பி.எஸ். நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு நொடி சிக்கி நகரும். அப்படிச் சிக்கினால் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்குங்கள். சாய்வாகத் தெரியும் தரையையும் சாலையையும் தெளிவாக்கும் அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கை 8 அல்லது 16-ல் வைத்து மறந்துவிடலாம், செலவு சொற்பம்.

நிழல் ‘மீடியம்’ போதும். முழுக்க அணைக்க வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நிற்பதைச் சில கேம்களில் நிழல்தான் காட்டிக்கொடுக்கும். மூடுபனி, பிரதிபலிப்பு, மூலை முடுக்குகளில் மென்நிழல் போடும் ஆம்பியன்ட் அக்லூஷன் மூன்றும் கார்டை உறிஞ்சும், ‘லோ’விலேயே விடலாம். ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் பக்கம் நடுத்தர லேப்டாப்காரர்கள் போகாமல் இருப்பது உத்தமம். அசையும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர், படத்தில் பொடிப் புள்ளி தூவும் ஃபிலிம் கிரெய்ன் இரண்டையும் அணைத்தால் எதிரில் வருவது தெளிவாகத் தெரியும்.

இத்தனைக்கும் பிறகு எஃப்.பி.எஸ். போதவில்லையென்றால், பலர் ரெசல்யூஷனையே 1280×720-க்கு இறக்கிவிடுகிறார்கள். கதை கெடுவது அங்கேதான். பெரும்பாலான கேம்களில் தமிழ் இல்லை, ஆங்கில வசனத்தைச் சப்டைட்டிலில் படித்துத்தான் கதைக்குள் போக வேண்டும். ரெசல்யூஷனை இறக்கினால் 15.6 அங்குலத் திரையில் அந்தச் சின்ன எழுத்து மசமசவென்று ஆகிவிடும். இரண்டு காட்சிக்குப் பிறகு எல்லாரும் ‘ஸ்கிப்’ அமுக்குவார்கள், கதை சரியில்லை என்று பேரும் கட்டுவார்கள். ரெசல்யூஷன் 1920×1080-லேயே இருக்கட்டும், கேம் காட்சியை மட்டும் சின்னதாக வரைந்து திரைக்குப் பெரிதாக்கும் ரெண்டர் ஸ்கேலை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் 64 சதவீதமாகக் குறையும், எழுத்தும் மேப்பும் கூர்மையாகவே இருக்கும். இதே வேலையைச் சாமர்த்தியமாகச் செய்யும் எஃப்.எஸ்.ஆர். இருந்தால் ‘குவாலிட்டி’யோடு நிறுத்துங்கள். 1080-ல் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்றால் உள்ளே வரைவது வெறும் 960×540. முடி, கம்பி, தூரத்து ஆள் எல்லாம் கலங்கும். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் கறுப்புப் பட்டையையும் போட்டுக்கொள்ளுங்கள்.

720-க்கு இறக்கிப் பார்ப்பது ஒரு பரிசோதனைக்கு உதவும். இறக்கியும் எஃப்.பி.எஸ். ஏறவில்லையென்றால் தடை கார்டில் இல்லை, பிராசஸரில். அப்போது நிழலைக் குறைத்துப் பயனில்லை. கேமில் நடமாடும் கூட்டத்தின் அளவையும் பார்வைத் தூரத்தையும் குறைக்க வேண்டும்.

கடைசியாக எஃப்.பி.எஸ்.ஸுக்குப் பூட்டு, அதாவது ஒரு எண்ணுக்கு மேல் போகாமல் நிறுத்துவது. திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதுதான் ஹெர்ட்ஸ், அதைச் சரியாக வகுக்கிற எண்ணில் பூட்டுங்கள்: 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 60 அல்லது 30, 120-க்கு 60 அல்லது 40, 144-க்கு 72 அல்லது 48. 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 என்று பூட்டினால் சில படம் ஒரு முறை, சில படம் இரண்டு முறை நின்று தத்தித் தத்தி நகரும். படத்தைத் திரையின் வேகத்தோடு சேர்த்து ஓட்டும் வி-சிங்க் போட்டால் படம் குறுக்கே கிழிந்த மாதிரி தெரிவது நிற்கும், கை அசைவு கொஞ்சம் தாமதமாகும். துப்பாக்கி கேமுக்கு வேண்டாம், கதை கேமுக்கு இருக்கலாம்.

மே மாதக் கணக்கு தனி

மேலே சொன்னதை டிசம்பரில் செய்து முடித்தவர்கள், அக்னி நட்சத்திரத்தில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். வெளியே 40 டிகிரி தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் லேப்டாப் சீக்கிரமே 95 டிகிரியைத் தொடும். தொட்டதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அறிகுறி எளிது: முதல் பத்து நிமிடம் 60, அப்புறம் 40, கேமை மூடித் திறந்தால் கொஞ்ச நேரம் மறுபடி 60. இதற்குக் கிராபிக்ஸைக் குறை சொல்லக் கூடாது.

எஃப்.பி.எஸ்.ஸை 45 சொச்சத்தில் அலைய விடாமல் 30-ல் பூட்டினால் சூடு உடனே இறங்கும். விண்டோஸ் பவர் ஆப்ஷனில் ‘மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்’டை 99 சதவீதமாக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் பிராசஸர் தானாக வேகம் கூட்டும் டர்போ நின்றுவிடும், கார்டுதான் தடை என்கிற கேம்களில் எஃப்.பி.எஸ். பெரிதாகக் குறையாமலே பல டிகிரி குறையும். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள், மெத்தை மேல் வைக்கவே வேண்டாம். விசிறியில் தூசு அடைத்திருந்தால் எந்தச் செட்டிங்கும் காப்பாற்றாது. ஏர் கூலரின் ஈரக் காற்றை நேராக லேப்டாப் மேல் திருப்புவது பலர் செய்வது. ஈரம் உள்ளே போகும், தவிர்க்கவும். சார்ஜரில் போட்டுத்தான் ஆட வேண்டும், பேட்டரியில் வேகம் பாதியாகக்கூட விழும்.

காசு செலவழிப்பதாக இருந்தால்

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரே ஒரு 8 ஜி.பி. ரேம் மட்டும் இருந்தால், காலி ஸ்லாட்டில் அதே வேகத்தில் இன்னொரு 8 போடுங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு சேனலானதும், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்ததும், வேகம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். ஹார்டு டிஸ்கிலேயே ஆடுபவர்களுக்கு அடுத்தது எஸ்.எஸ்.டி. எஃப்.பி.எஸ். ஏறாது, ஆனால் செத்துப் பிழைக்கும் ஒவ்வொரு முறையும் லோடிங்குக்குக் காத்திருக்கும் அலுப்பு போகும். புது கார்டு இதற்கெல்லாம் பிறகு. வாங்கும் முன் கம்ப்யூட்டருக்குக் கரன்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி எத்தனை வாட், கார்டுக்கான பவர் இணைப்பு அதில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் டெஸ்க்டாப் கரன்ட் மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆனால், யு.பி.எஸ். மோடு இருக்கிறதா என்று இன்வெர்ட்டரின் பின்பக்கம் தேடுங்கள். பெரும்பாலும் ஒரு சின்ன சுவிட்ச்.

கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த அன்று எந்தக் கேமையும் எடை போட வேண்டாம். வெளிச்சம், நிறம் போடும் குட்டி நிரல்களான ஷேடர்கள் புதிதாகத் தயாராகும் வரை நன்றாக ஓடிய கேமும் சிக்கிச் சிக்கித்தான் போகும். பதினைந்து நிமிடம் சுற்றிவிட்டு அப்புறம் எஃப்.பி.எஸ். பாருங்கள்.