போன் கேமராவில் மாம்பழத்தை உருட்டுவது எப்படி?

கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் வந்துவிட்டால், ஸ்டாப் மோஷன் (பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்து, அது தானே அசைவதுபோல் ஓட்டுவது) பழக வேறு பொம்மை தேட வேண்டாம். செந்தூரா ரக மாம்பழத்தை எடுங்கள். பெங்களூராவின் மூக்கு நேராக உருள விடாது. செந்தூராவின் சிவப்புக் கன்னமோ பழம் எவ்வளவு திரும்பியது என்று கண்ணுக்கே காட்டிவிடும்.

நொடிக்கு 12 படம் போதும். சினிமா நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடினாலும், ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டம் நிறுத்துவது அனிமேஷனில் பழைய வழக்கம். 5 நொடிக்கு 60 படம்.

உயிர் இருப்பது இடைவெளியில்தான். சட்டத்துக்கு வெளியே மேசை ஓரத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். முதல் நகர்வு 2 மி.மீ., பிறகு 4, 8, 15. நடுவில் 15-லேயே ஓட்டி, நிற்கும்போது 8, 4, 2 என்று குறையுங்கள். எல்லா நகர்வும் ஒரே அளவாக இருந்தால் பழம் உருளாது, கயிறு கட்டி இழுத்ததுபோல் தெரியும். தூக்கி வைக்காமல் உருட்டியே நகர்த்துங்கள். சுற்றளவு 24 செ.மீ. என்றால் 10 மி.மீ.க்கு 15 டிகிரி திரும்ப வேண்டும். இது தவறினால் வழுக்குவதுபோல் இருக்கும். நிற்காமல் ஓடும் பழத்துக்கு அடியில் கடுகளவு களிமண் வையுங்கள்.

வீடியோ மினுமினுத்தால் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். மேகம் மறைத்தாலே படத்துக்குப் படம் நிறம் மாறும். ஜன்னலைச் சாத்தி, ஒரே விளக்கில் எடுங்கள். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவையும்) பூட்டுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், அதன் ஒளி பழத்தில் விழும். போனைத் தொடாமல் டைமரில் எடுங்கள்.