யூரின் டியூப் போட்டவங்கள வீட்டுல பாத்துக்கிறப்போ செய்யக்கூடாத தவறுகள்

புரோஸ்டேட் வீங்கி யூரின் அடைச்ச தாத்தாவுக்கோ, பாரிசவாதம் வந்து படுத்திருக்கிற பாட்டிக்கோ டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்புறப்போ வார்ட்ல நர்ஸ் மிஸ்ஸிமாருக்கு நின்னு வெளக்க நேரம் இருக்காது, தோட்டத்துல லயத்து வீட்டுக்கு வந்தப்புறம்தான் ஒவ்வொரு சந்தேகமா வரும்.

மொதல்ல அது உள்ள எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கங்க. டியூப் நுனியில ஒரு சின்ன பலூன் இருக்கு, சலப்பைக்குள்ள, அதாவது வயித்துக்குள்ள யூரின் சேர்ற பைக்குள்ள போனதும் அதுல 10 மில்லி போல சுத்தமான தண்ணி ஏத்துவாங்க, அந்த பலூன்தான் வெளிய வராம புடிச்சுக்கிட்டு இருக்குது. பலூனோட இழுத்தா உள்ள கிழிஞ்சு ரத்தம் வரும். பெரியவங்க தூக்கக் கலக்கத்துல இழுப்பாங்க, எழும்புறப்போ கட்டில்ல மாட்டிக்கும், அதனாலதான் டியூப்ப தொடையில கொஞ்சம் தளர்வா பிளாஸ்டர் போட்டு ஒட்டச் சொல்றது.

நம்ம பக்கம் நான் அதிகமா பாக்கிற தவறு, டியூப்போட மத்த நுனியில யூரின் சேர்றதுக்கு மாட்டியிருக்கிற பேக்க மேல தூக்குறதுதான். இதுல பம்பு ஒண்ணும் கெடையாது, பள்ளத்த பாத்து யூரின் தானா எறங்குது, அவ்வளவுதான். பேக் இடுப்புக்கு மேல போனா பழைய யூரின் கிருமியோட திரும்ப சலப்பைக்கே போயிரும். ரோட்டுக்கு ஏத்துறதுக்கு நாலு பேரு கதிரையில வச்சு படியில தூக்குவாங்க, பேக்க மட்டும் பத்திரமா இருக்கட்டும்னு நோயாளி மடியில வச்சிருவாங்க! த்ரீவீலர்லயும் அதே மடிதான். கெளம்புறதுக்கு முந்தி பேக்க காலி பண்ணுங்க, அப்புறம் முழங்காலுக்குக் கீழ ஒருத்தர் புடிச்சுக்கிட்டே வாங்க. பாயில படுக்க வைக்கிற வீட்டுலயும் இதே பிரச்சினை, ஆளும் பேக்கும் ஒரே மட்டத்துல கெடக்கும், அதனால எப்படியாவது ஒரு பலகைக் கட்டில் ஏற்பாடு பண்ணிருங்க, பேக்க கட்டில் சட்டத்துல தொங்க விடுங்க, தரையில படக்கூடாது.

பேக் நெறையுற வரைக்கும் விடாதீங்க. பெரிய பேக் 2 லீட்டர் புடிக்கும், பாதி தாண்டுனாலே பாரத்துல டியூப்ப இழுக்கும். காலையில வேலைக்கு பேர் குடுக்க பிரட்டுக்கு போறதுக்கு முந்தி ஒரு தடவ காலி பண்ணுங்க, பகல்ல வீட்டுல இருக்கிறவங்களுக்கும் அத பழக்குங்க. கைய சோப்பு போட்டு கழுவிட்டு அடியில இருக்கிற வால்வ தொறங்க, டியூப்பும் பேக்கும் சேர்ற எடத்த தேவையில்லாம கழட்டாதீங்க, கிருமி நொழையுற வாசல் அதுதான்.

குளிருக்கு தாகமும் எடுக்காது, பேக் சீக்கிரம் நெறையுதுன்னு சிலர் வேணும்னே தண்ணியக் கொறைப்பாங்க. அப்புறம் யூரின் தடிச்சு டியூப் அடைக்கும், மலச்சிக்கலும் வந்து உள்ளயிருந்து டியூப்ப அமுக்கும். இருதயம், கிட்னி காரணமா டாக்டர் அளவு சொல்லாத ஆளுன்னா நாளுக்கு ஒன்றரையில இருந்து 2 லீட்டர் குடிக்கட்டும்.

கழுவ சோப்பும் தண்ணியும் போதும், டெட்டோல் வேணாம், ரப்பர் டியூப்புல தேங்கா எண்ணெய், வேஸ்லின் தடவாதீங்க, பழுதாயிரும். ஆம்பளைங்களுக்கு முன்தோல பின்னுக்கு தள்ளி கழுவுனா கட்டாயம் திரும்ப முன்னுக்கு கொண்டு வந்துருங்க, இல்லாட்டி வீங்கி இறுகிரும், அது ஆபத்து.

படுத்த படுக்கையா இருக்கிற சில பேருக்கு, அதுவும் மலச்சிக்கல் உள்ள பாட்டிமாருக்கு, பேக் ஊதா கலரா மாறும். யாரோ என்னமோ செஞ்சிட்டாங்கன்னு பயந்து போயிருவாங்க பாவம். சாப்பாட்டுல இருந்து வர்ற ஒரு பொருள யூரின்ல இருக்கிற கிருமி நீலமும் சிவப்புமா மாத்துறதுதான் காரணம். கலருக்காக பதற வேணாம், கிளினிக்ல காட்டுங்க, மலச்சிக்கல பாருங்க. ரொம்ப நாள் டியூப் இருந்தா யூரின்ல கிருமி எப்படியும் இருக்கும், நாத்தம் அடிக்குதுன்னு மட்டும் பாமசியில ஆன்டிபயோட்டிக் வாங்கிக் குடுக்காதீங்க. காய்ச்சல், நடுக்கம், அடிவயித்து வலி, திடீர்னு பேச்சு தடுமாறுறது, இதுதான் உடனே காட்ட வேண்டிய அறிகுறி.

மாத்துற திகதியையும் தள்ளிப் போடாதீங்க. சாதா ரப்பர் டியூப் 4 கிழமைக்கு மேல வேணாம், சிலிக்கோன்னா 12 கிழமை வரைக்கும் போகும். போறப்போல்லாம் இது இன்னும் தேவையான்னு கேளுங்க, ஒவ்வொரு நாளும் கூடக் கூட கிருமி தொத்துற ஆபத்தும் கூடும், கேக்குறதுல தப்பே இல்ல.

யூரின் வராம நின்னா மொதல்ல டியூப் மடங்கியிருக்கா, உடம்புக்கு அடியில மாட்டியிருக்கான்னு பாருங்க. அப்பவும் வராம அடிவயிறு உப்பி வலிச்சா, ரத்தக் கட்டி வந்தா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க, 1990க்கு அடிச்சா சுவசெரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும், கிளினிக் கார்டையும் கையில எடுத்துக்கங்க.