மேல்சிகிச்சைக்குக் கீழே அனுப்பும்போது கையில் இருக்க வேண்டியவை

நீலகிரியில் பெரிய நோய் என்று வந்துவிட்டால், "கோவைக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்ற சொல்லை ஒருநாள் கேட்க வேண்டியிருக்கும். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் கூடலூர்க்காரருக்கு அங்கே போவதே ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவரிடம் நோயாளி போய்ச்சேரும் அந்தப் பயணத்தில்தான் தகவல்கள் தவறிப்போகின்றன. அவற்றைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு உடன்செல்லும் நம்முடையது.

என் தாயாரின் இ.சி.ஜி. தாள்களை இரண்டு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சமையலறை அலமாரியில் வைத்திருந்தேன். கோவையில் இதய மருத்துவர் பழைய இ.சி.ஜி.யைக் கேட்டபோது எடுத்து நீட்டினால், கட்டங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன; கோடுகள் மறைந்துவிட்டிருந்தன. இ.சி.ஜி. பெரும்பாலும் சூட்டால் அச்சாகும் தாளில்தான் வருகிறது. வெயிலும் அடுப்புச் சூடும் பிளாஸ்டிக் உறையும் அதை மங்கச் செய்யும். ஆகவே எடுத்த அன்றே நகல் எடுத்து, கைபேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய இ.சி.ஜி.யோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா பழையதா என்பது மருத்துவருக்குத் தெளிவாகும் என்பதால், இதை நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறேன்.

மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எவராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள ஓரத்தைக் கடைசிவரை கிழிக்காமல், மறுமுனையிலிருந்து மாத்திரைகளை எடுத்துவந்தால் போதும். ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதன் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கோப்பின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

வாய் கோணி, கை தொங்கி, பேச்சுக் குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பந்தலூரிலிருந்து மலையிறங்குவதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். எனவே 108-ஐ அழைக்கும்போதே பக்கவாதம் போலிருக்கிறது என்று சொல்லி, ஸ்கேன் வசதியுள்ள எந்த மருத்துவமனை அருகில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.

மருத்துவர் கீழே அனுப்பத் தீர்மானித்துவிட்டால், "ஐயா, எதற்காக அனுப்புகிறீர்கள், அங்கே எந்தப் பிரிவில் காட்ட வேண்டும், வழியில் ஆக்சிஜன் தேவைப்படுமா, அங்கே முன்கூட்டியே பேசிவிட்டீர்களா" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தவறேதும் இல்லை. பெரும்பாலான மருத்துவர்கள் நின்று பதில் சொல்வார்கள். பரிந்துரைக் கடிதத்தில் கொடுத்த ஊசிகளும் அவற்றைப் போட்ட நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வண்டி ஏறுமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மழைக்காலமாக இருந்தால், குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் எது திறந்திருக்கிறது என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருந்தாலும், எல்லா நோய்க்கும் அங்கே அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பணம் கட்டுமுன் அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் இந்தச் சிகிச்சைக்கு இடமுண்டா என்று கேளுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் ஆகியவற்றின் நகல்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

உள்நோயாளியாக இருந்தவரின் சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் கூறுகின்றன. எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு மருத்துவமனையிடம் கையொப்பம் வாங்குங்கள்.

ஊர் திரும்பிய பின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தின் கீழ் வீட்டுக்கே சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் அதைக் காட்டி, கோவையில் அளவு மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழைய அளவே அடுத்த மாதமும் வந்து சேரும்.