துணைப் பாத்திரம் வீரனாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துன்பியல் நாடகம் எழுதத் தொடங்குபவர்களுக்குத் தாதி, காவலாளி, பணியாள் என்று யாராவது ஒரு துணைப் பாத்திரத்தின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிடும். கடைசியில் அவரை நிமிர்ந்து நிற்கவைக்க வேண்டும் என்று முடிவானதும், பழைய தவறுகளே திரும்ப வருகின்றன. வசனம் மறப்பது, தவறான பக்கம் நுழைவது எல்லாம் ஒத்திகையில் தானே சரியாகிவிடும், அவற்றை விடுங்கள்.

முதல் காட்சியிலேயே நல்லவராக்குவது

நாடகத்தையே கெடுப்பது இதுதான். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீருவதில்லை. நல்லவர் நல்லது செய்வதில் என்ன திருப்பம்?

ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வில், நாயகனின் மனைவி டெஸ்டிமோனாவுக்குத் தோழியாக வரும் எமிலியாவைப் பாருங்கள். மூன்றாம் அங்கத்தில் டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்துக் கணவன் இயாகோவிடம் கொடுப்பவள் அவள்; அதை வைத்தே இயாகோ, மனைவி மேல் ஒத்தெல்லோவுக்குச் சந்தேகம் மூட்டுகிறான். அடுத்த காட்சியில் கைக்குட்டை எங்கே என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, தெரியாது என்று பொய் சொல்பவளும் அவளே. நாடகத்தைச் சுருக்கும்போது அந்த ஒற்றை வரிப் பொய்யில் கைவைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். ஐந்தாம் அங்கத்தில் அவள் உண்மையைச் சொல்லும்போது இயாகோவோடு சேர்த்துத் தன்னையும் காட்டிக்கொடுக்கிறாள். பொய்யை வெட்டினால் அவள் வெறும் சாட்சி.

ஆகவே பெரிய செயலுக்கு முன் இரண்டு இடத்திலாவது அவரைத் தீமைக்கு உடந்தையாக்குங்கள்: ஒன்று கையால் செய்தது, இன்னொன்று வாய்திறக்காமல் விட்டது. இரண்டும் அந்த நேரத்தில் அன்றாட வேலைபோலத் தெரிய வேண்டும். நடிப்பவரும் உள்ளக் குமுறலை முன்கூட்டியே முகத்தில் காட்டக் கூடாது.

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' மூன்றாம் அங்கம் ஏழாம் காட்சியில், முதிய பிரபு க்ளஸ்டரின் கண்ணைப் பறிக்கும் கார்ன்வால் (லியரின் மருமகன்), நாற்காலியைப் பிடிக்கச் சொல்வது பணியாட்களிடம்தான். ஒரு கண் போன பிறகே அவர்களில் ஒருவன் தடுக்கிறான். அவனைச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்தாதீர்கள். நாற்காலியைப் பிடித்த கைதான் வாளை உருவ வேண்டும்.

நீண்ட வசனம்

அந்தப் பணியாளுக்கு மொத்தப் பேச்சே சுமார் பத்து வரி. சின்ன வயதிலிருந்து ஊழியம் செய்தவன், இப்போது நிறுத்தச் சொல்வதைவிடப் பெரிய ஊழியம் எதுவும் செய்ததில்லை என்கிறான். நீதி, தர்மம் பற்றி ஒரு சொல் கிடையாது.

ஜெயிக்கவைப்பது

கார்ன்வாலின் மனைவி ரீகன் அந்தப் பணியாளைப் பின்னாலிருந்து குத்துகிறாள். இன்னும் ஒரு கண் மிச்சம் இருக்கிறதே என்று சாகும்போது அவன் க்ளஸ்டரிடம் சொல்வதே அந்தக் கண்ணுக்கும் வினையாகிறது. ஆனால் அவன் கொடுத்த காயத்தில் கார்ன்வால் சாகிறான், ரீகன் விதவையாகிறாள், க்ளஸ்டரின் மகன் எட்மண்டுக்காக அவளுக்கும் அக்காள் கானரிலுக்கும் பகை முற்றுகிறது. நோக்கம் தோற்கட்டும், விளைவு கதையைத் திருப்பட்டும்.

பெயர் சூட்டுவது

வேண்டாம். 'முதல் பணியாள்' போதும்.

நாயகன் நன்றி சொல்வது

லியருக்கு இப்படி ஒருவன் இருந்ததே தெரியாது.

உடலை மறந்துவிடுவது

செத்தவனைக் குப்பைமேட்டில் எறியச் சொல்கிறான் கார்ன்வால். அந்த வரியை வெட்டினால் உடலை மேடையிலிருந்து எடுக்கக் காரணம் இருக்காது. நாடகத்தின் 1608 பதிப்பில் மீதிப் பணியாட்கள் இருவர் தங்கி, க்ளஸ்டரின் முகத்துக்கு மருந்தாக ஆளி நாரும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டுவருவதாகப் பேசுகிறார்கள். 1623 பதிப்பில் அது இல்லை. எந்தப் பதிப்பு என்பதை ஒத்திகைக்கு முன்பே முடிவுசெய்யுங்கள். உடலை யார் தூக்குவது என்பது அதைப் பொறுத்தது.