பணியிடைப் பயிற்சிக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

முந்தைய நாள் மாலை நான்கு மணிக்குத் தலைமையாசிரியர் கூப்பிடுவார். "நாளைக்கு வட்டார வள மையத்தில் கணிதப் பயிற்சி. நீங்கள் போய்விடுங்கள்." மறுநாள் காலை பஸ் பிடித்துப் போய், வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மின்விசிறி ஓடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் பயிற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். பங்கேற்பாளனாகப் பல ஆண்டுகளும் பயிற்சி நடத்தும் கருத்தாளனாகச் சில ஆண்டுகளும் இந்த அறைகளில் இருந்திருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை.

முதல் தவறு அறைக்குள் நுழையும் முன்பே நடந்துவிடுகிறது. பேனாவும் குறிப்பேடும் மட்டும் கொண்டுபோகிறோம். கொண்டுபோக வேண்டியது, நம் வகுப்புப் பிள்ளைகள் தப்பாகப் போட்ட நான்கைந்து கணக்குகள். ஒருமுறை ஓர் ஆசிரியை மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். 52-இல் 27 போனால் 35 என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. "கவனக்குறைவு" என்றார் ஒருவர். "கடன் வாங்க மறந்துவிட்டது" என்றார் இன்னொருவர். பக்கத்தைத் திருப்பினோம். 83-இல் 46 போக 43. 40-இல் 17 போக 37. மூன்றும் ஒரே மாதிரி தவறு. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது குழந்தை. 'சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழிக்க முடியாது' என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது! அன்று மதியம் வரை பேச்சு அந்த நோட்டைச் சுற்றியே நடந்தது. கருத்தாளர் கொண்டுவந்த திரைக்காட்சியை யாரும் கேட்கவில்லை. அவரும் வருத்தப்படவில்லை.

அடுத்தது, விடையைச் சொல்லி முடித்துவிடும் அவசரம். கருத்தாளர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதியதும் முன்வரிசையிலிருந்து விடை வந்துவிடும். விடை நமக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் பயிற்சி தேடுவது அதையல்ல. லிபிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்ட ஒரு கேள்வியை நான் பல பயிற்சிகளில் கேட்டிருக்கிறேன். 1¾-ஐ ½-ஆல் வகுக்க வேண்டும். அதற்கு ஒரு வாழ்க்கைச் சூழல் சொல்ல வேண்டும். அவருடைய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. அமெரிக்க ஆசிரியர்களில் பலர் ½-ஆல் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடு குழப்பிக்கொண்டார்கள்.

நம் அறையிலும் அதுதான். தலைகீழாக்கிப் பெருக்கி மூன்றரை என்று முக்காலே மூன்று வீசம் பேர் நொடியில் சொல்லிவிடுவார்கள். கதை கேட்டால், "ஒன்றே முக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால்..." என்று தொடங்குவார்கள். அப்படிப் பங்கிட்டால் ஆளுக்கு முக்காலே அரைக்கால் லிட்டர்தான் வரும். கணக்குக்கு ஏற்ற கதை வேறு: ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் எத்தனை பாட்டில்? இங்கும் ஒரு சண்டை வரும். மூன்று பாட்டில் நிறைந்தபின் மீதி கால் லிட்டர். அப்படியானால் விடை மூன்றேகால் அல்லவா? மீந்த எண்ணெய் கால் லிட்டர். ஆனால் அது அரைப் பாட்டில். விடையை லிட்டரில் சொல்கிறோமா, பாட்டிலில் சொல்கிறோமா என்ற அந்தக் குழப்பத்தை ஆசிரியர் ஒருமுறை தானே பட்டுத் தெளிந்தால், ஆறாம் வகுப்பில் அது எழும்போது பதற மாட்டார். விடை தெரிந்தவர் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருப்பது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் பெரிய உதவி.

இதோடு ஒட்டியது, தெரியாததை மறைப்பது. தொடக்கப்பள்ளியில் கணிதம் எடுக்கும் எல்லோரும் கணிதப் பட்டதாரிகள் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் ஏன் வருகிறது என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் தேநீர் இடைவேளையிலாவது கேட்டுவிடுங்கள். கேட்டபின் கருத்தாளரும் கொஞ்சம் தலையைச் சொறிந்தால் நீங்கள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

குழுச் செயல்பாட்டில் கையெழுத்து அழகாக இருப்பவரிடம் சார்ட்டைக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவது பழைய வழக்கம். பூவும் கரையும் போட்டு ஒரு மணி நேரம் போய்விடும். உள்ளே இருக்கும் பின்னப் படத்தில் பகுதிகள் சமமாகவே இருக்காது. வட்டத்தை மூன்றாகப் பிரிக்க மேலிருந்து கீழாக இரண்டு இணைகோடுகளைப் போட்ட சார்ட்டை நான் பார்த்திருக்கிறேன். அதை வகுப்பில் மாட்டினால் நடுத்துண்டும் ஓரத்துண்டும் ஒன்றே என்று பிள்ளைகள் படிப்பார்கள்.

திரையில் வருவதையெல்லாம் கைப்பேசியில் படம் பிடிப்பதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அந்தப் படங்களை யார் திரும்பப் பார்த்திருக்கிறோம்?

"எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்ற வாக்கியத்தை மட்டும் முழுவதும் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரே அறையில் மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. ஆனால் சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஐந்து குழுவாகப் பிரிக்க முடியாதென்றால் இரண்டாகப் பிரித்தால் நடக்குமா என்று அந்த அறையிலேயே கேட்க வேண்டும். அதற்குத்தான் கருத்தாளர் வந்திருக்கிறார்.

திரும்பி வந்த திங்கட்கிழமை இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். கற்றதையெல்லாம் ஒரே வாரத்தில் செய்யப் பார்த்து, புதன்கிழமைக்குள் அலுத்து, பழைய வழிக்கே வந்துவிடுவோம். ஒன்றை எடுங்கள். காகிதத்தை மடித்து ½-உம் ⅓-உம் கூட்டுவதை மட்டும் ஒரு பாடவேளை செய்து பாருங்கள். மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டி ⅖ என்று எழுதும் பிள்ளையிடம், அரையைவிட அது கூடுதலா குறைவா என்று கேளுங்கள். கூட்டியபின் எப்படிக் குறைந்தது என்று அதுவே விழிக்கும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. இங்கே தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் 2022-இல் தொடங்கியபின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பருவந்தோறும் பயிற்சி நடந்து வந்திருக்கிறது. மணிக்கணக்குக்குக் குறைவில்லை. குறைவது, கடைசி அரைமணியில் கொடுக்கும் பின்னூட்டப் படிவத்தில் நாம் எழுதுவது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று குறிப்போம். மறுமுறையும் அதே பயிற்சி வரும். அதே பின்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுப்போம். சில ஆண்டுகளாக நான் அந்தப் படிவத்தின் கடைசி வரியில் என் வகுப்புப் பிள்ளை ஒன்று தப்பாகப் போட்ட கணக்கை எழுதி, அடுத்த முறை இதிலிருந்து தொடங்குங்கள் என்று கொடுக்கிறேன். இதுவரை ஒரே ஒருமுறை தொடங்கினார்கள். அன்று மின்விசிறி ஓடவில்லை. யாரும் இடம் மாறி உட்காரவும் இல்லை.